வைகாசிக் கொடையும் ரெண்டு தெரு வாணவேடிக்கையும்

மே 18, ஞாயிறு – சாத்தூர்லேர்ந்து நெல்லை

பெரியப்பா ஒரு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தாரு. வள்ளியூர் பக்கம் ஒரு ஊர்ல அம்மன் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, ரெண்டு தெருவும் போட்டி போட்டு வாணவேடிக்கை விடுறாங்களாம், கூட வேலை பாத்த சேக்காளியோட சொந்த ஊரு, வந்தே ஆகணும்னு போன் மேல போன், நீ வந்தா போவேன் இல்லன்னா இல்லடான்னு என்கிட்ட வந்து நின்னாரு. கோயமுத்தூர்லேர்ந்து லீவு போட்டு வந்துட்டேன். சிவகாசிப் பக்கம் ஒரு ஃபேக்டரில முப்பத்தோரு வருஷம் ஃபோர்மேனா இருந்தவரு அவரு. மருந்துக் கலவை, வானத்துல நிறமா எரியுற மணி மருந்து, ஃபேன்சி ரகம் எல்லாம் கையில பழகினவரு. இடது காது சுத்தமா கேக்காது, வலது காது பாதி. எல்லாம் அந்த வேலைல போனது. அதனால வேடிக்கையை அவர் பாக்குற விதமே வேற, அது எனக்கு இந்தப் பயணத்துலதான் முழுசாப் புரிஞ்சது.

மத்தியானம் ஒரு மணிக்கு நெல்லை டவுன். வெயில்னா வெயில், கார் கதவைத் தொட முடியலை. கோயில் பக்கத்துச் சந்துல ஒரு மெஸ்ல சொதிச் சாப்பாடு, 140 ரூபா. தேங்காப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்கா, கேரட், பீன்ஸ், கூட இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். இங்க கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுற சாப்பாடு அது. பரிமாறினவரு எழுபது வயசு இருக்கும், பெரியப்பாவுக்குக் காது கேக்கலைன்னு ரெண்டாவது தடவையே கண்டுபிடிச்சிட்டாரு, அப்புறம் வாயே தொறக்கலை, கரண்டியைத் தூக்கிக் காட்டுவாரு, பெரியப்பா தலையை ஆட்டினா ஊத்துவாரு. என்கிட்ட மட்டும் "சொதிக்கு யோசிக்கக்கூடாது தம்பி, மூணு வாட்டியாவது வாங்கணும்"னாரு. மூணு வாட்டி வாங்கினேன்.

சாயங்காலம் இருட்டுக்கடை வரிசைல முக்கா மணி நேரம் நின்னு அல்வா வாங்கி, இலைல சூடாவே தின்னுட்டு, குறுக்குத்துறைல தாமிரபரணில இறங்கினோம். தண்ணி முட்டளவுதான். ஆனா அந்த வெயிலுக்கு அப்புறம் அந்தத் தண்ணிக்குள்ள உக்காந்து எந்திரிச்சது போதும், அன்னைக்குப் பட்ட கஷ்டம் எல்லாம் போச்சு.

மே 19, திங்கள் – ஊர்

வள்ளியூர் தாண்டினதுமே கரண்ட் எடுக்குற காத்தாடி ஆரம்பிச்சிருது, ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையா, சுத்திக்கிட்டே இருக்கு. மலைக்கு நடுவுல இருக்குற கணவாய் வழியா மேக்காத்து நேரா வந்து அடிக்குது. ஊர் பேர் எழுதலை, காரணம் நாளைய பதிவுல தெரியும்.

பெரியப்பாவோட சேக்காளியை நான் சித்தப்பான்னே கூப்பிட்டேன். அவுக வீட்டு மதினி வாசல்லயே "வாங்க மாமா, வாங்க கொழுந்தனாரே, காத்துல பறந்து வந்தியளா"ன்னு கேட்டாங்க. வந்ததும் பதநீர். பக்கத்துத் தோட்டத்துல அப்பதான் இறக்கினது, பனை ஓலையை மடிச்சுப் பட்டை கட்டி அதுல ஊத்தி நுங்கைப் பிச்சுப் போட்டுக் குடுத்தாங்க. ரோட்டோரத்துல இதே கிளாஸ் 40 ரூபா சொன்னான், ஐஸ் வேற போட்டு. ஐஸ் போட்ட பதநீர் பதநீரே இல்லை.

சாயங்காலம் குடியழைப்பு, கொடைக்கு முந்தின நாள் அம்மனை அழைக்கிறது. மேளம், மகுடம்ங்குற தோல் வாத்தியம், கணியான் பாட்டு. அதுக்கு முன்னாடியே பெரியப்பா என்னைக் கூட்டிக்கிட்டு வேடிக்கை விடுற எடத்தைப் பாக்கக் கிளம்பிட்டாரு. அறுவடை முடிஞ்ச வயக்காடு. நடுவுல வரப்பு, வரப்புக்கு வடக்க வடக்குத்தெரு, தெக்க தெக்குத்தெரு. ரெண்டு தெருவுக்கும் ஒரே தொகை, ரெண்டு லட்சம், அதுக்கு மேல ஒரு ரூபா செலவழிக்கக்கூடாதுன்னு ஊர்க் கூட்டத்துல முடிவு. ஆளுக்கு இருபத்தஞ்சு நிமிஷம். ஜெயிச்ச தெருவுக்குச் சுழற்கேடயமும் 25,000 ரூபாயும். மார்க் போட வெளியூர்லேர்ந்து மூணு பேர்.

வடக்குத்தெருக்காரங்க ஒரு பெரிய பார்ட்டியைப் பிடிச்சிருக்காங்க, வேன்ல வந்து இறங்கியிருக்கு, ரிமோட்ல வெடிக்கிற செட்டு, வயரு, லேப்டாப்பு. குண்டு விடுற பைப்பை எல்லாம் மரச்சட்டத்துல அஞ்சு அஞ்சா நிறுத்தி அப்படியே தரைல வெச்சிருக்காங்க. தெக்குத்தெருவுக்கு வந்தது ஒரு வேட்டுக்காரப் பெரியவர், அவர் மகன், இன்னும் ரெண்டு பையங்க. இவங்க பைப்பை முக்காவாசி மண்ணுல புதைச்சு, சுத்தி மணல் மூட்டை அடுக்கி, ஒவ்வொண்ணா மட்டம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. பெரியவர் ஒவ்வொரு பைப்பு பக்கத்துலயும் குத்த வெச்சு உக்காந்து, கையால தட்டித் தட்டி மண்ணை இறுக்குறாரு. ஆனா ஒரு தடவை கூட பைப்பு வாய்க்கு மேல தலை வரலை, பக்கவாட்டுலயே இருந்து பாக்குறாரு. உள்ள ஒண்ணும் போடாத வெறும் பைப்புதான் அது. பெரியப்பா என் தோளைத் தட்டி "பாத்தியா, பழக்கம்"னாரு.

வடக்குப் பக்கம் போயி பெரியப்பா அவங்ககிட்டயும் சொன்னாரு, சட்டத்தைப் புதைங்கய்யா, இல்லை குறுக்குக் கட்டையாவது அடிங்க, ஒவ்வொரு குண்டு போகும்போதும் பைப்பு தரையைக் குத்தும், பத்துக் குண்டு போனா சட்டம் நகந்துரும்னு. ஒரு பையன் மரியாதையாத்தான் "நாங்க பாத்துக்கிடுதோம் பெரியவரே"ன்னான். ஆனா பாத்துக்கிடலை.

மே 20, செவ்வாய் – கொடை

காலைல அஞ்சு மணிக்கு மைக்செட்டு. மதியக்கொடைக்குப் பொங்கல், கிடா வெட்டு. மத்தியானம் சித்தப்பா வீட்டுல கறிக்குழம்பு, அரைச்சு விட்ட மசாலா, நல்லெண்ணெய் மேல மிதக்குது. முப்பது பேராவது சாப்பிட்டிருப்பாங்க, ஒருத்தரையும் நீ யாருன்னு கேக்கலை. வழில போன ஐஸ்காரரையும் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. அவருக்கு எலும்பு இல்லாத கறியாப் பாத்து வெச்சாங்க மதினி, அவருக்குப் பல்லு இல்லைன்னு.

நாலு மணிக்கு மேகம் கூடி பத்து நிமிஷம் சாரல். தெக்குத்தெரு ஆளுங்க முன்னாடியே எல்லாப் பைப்பு வாயையும் பிளாஸ்டிக் பேப்பர் போட்டுக் கட்டி வெச்சிருந்தாங்க, குண்டு எல்லாம் தூரத்துல ஒரு மோட்டார் ரூம்ல. வடக்குப் பக்கம் மிச்சச் சரக்கை எல்லாம் பைப்புலேர்ந்து பதினஞ்சு அடி தள்ளி ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடி வெச்சிருந்தாங்க. என் வயித்துல அப்பவே புளி கரைச்சுது. 2016 ஏப்ரல் 10, கேரளாவுல கொல்லம் பரவூர் புற்றிங்கல் கோயில்ல நடந்தது இதேதான். போட்டி வெடி, அனுமதி குடுக்கலைன்னு சொன்ன பிறகும் விட்டாங்க, சரக்கு வெச்சிருந்த கொட்டகை பிடிச்சு நூறு பேருக்கு மேல போயிட்டாங்க. செங்கோட்டை வழியா போனா இங்கேருந்து சில மணி நேரந்தான் அந்த ஊர். இதை நான் கமிட்டி ஆள் ஒருத்தர்கிட்ட சொன்னேன். "அம்மன் இருக்காவல்லா, ஒண்ணும் ஆவாது"ன்னாரு. கூட்டம் நூறு மீட்டர் தள்ளி நிக்கணும், கயிறு கட்டியிருந்தது நாப்பது மீட்டர்ல. நான் அடியா அளந்து பாத்தேன். ரெண்டு தடவை சொல்லியும் கயித்தை நகத்தலை.

ராத்திரி ஒம்பதுக்கு பூவா தலையா போட்டு வடக்குத்தெரு முதல்ல.

நான் ஒரு நோட்டுல அஞ்சு தலைப்பு போட்டு வெச்சிருந்தேன், ஒவ்வொண்ணுக்கும் பத்து மார்க். உயரம், நிறம், இடைவெளி, ஒழுங்கு, முடிப்பு. கனடா மாண்ட்ரியல்ல 1985லேர்ந்து வாணவேடிக்கைக்கே உலகப் போட்டி நடத்துறாங்க, ஜெயிக்கிறவங்களுக்குத் தங்கம் வெள்ளி வெண்கலம்னு குடுக்குறாங்க, அதைப் பத்திப் படிச்சதுலேர்ந்து இப்படி மார்க் போட்டுப் பாக்கணும்னு ஆசை.

வடக்குத்தெரு ஆரம்பமே பத்தாயிரம் வாலா. அது முடியுறதுக்குள்ள ஷாட் பெட்டி, ஒரே நேரத்துல எட்டுப் பெட்டி, மேல குண்டு, கீழ பூச்சட்டி. பாக்குறவன் கண்ணு எங்க போகணும்னு தெரியலை. முதல் ரெண்டு நிமிஷம் ஊரே கத்துது, நானும் கத்தினேன், பொய் சொல்லலை. ஆனா அஞ்சாவது நிமிஷமும் அதேதான், பத்தாவது நிமிஷமும் அதேதான். ஒரு குடை விரிஞ்சு முழு வட்டம் ஆகி நுனி வரைக்கும் போயி அணையணும், அதுக்குள்ள அடுத்தது அது மேலயே விரியுது, முதல்ல விரிஞ்சதும் போச்சு ரெண்டாவதும் போச்சு. சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ள அடிக்குது, பக்கத்துல ஒரு கைக்குழந்தை வீல்னு கத்துது, அதோட ஆச்சி முந்தானையால ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு வீட்டுக்கு ஓடுறாங்க, தெரு நாய் ஒண்ணு எங்க கால் சந்துல வந்து ஒடுங்கி நடுங்குது. பெரியப்பாவைத் திரும்பிப் பாத்தேன். அவருக்கு அந்தச் சத்தம் ஒண்ணுமே இல்லை. அவர் ஆகாசத்தை மட்டும் பாக்குறாரு, முகத்துல ஒரு சந்தோஷமும் இல்லை. என் காதுகிட்ட வந்து "ஒரே மூட்டமா இருக்கு, ஒண்ணும் பாக்க முடியலடா"ன்னாரு. சத்தத்தைக் கழிச்சுட்டா அங்க என்ன மிச்சம்னு அப்பதான் எனக்கு உறைச்சுது.

நடுவுல கும்முன்னு பச்சை. நல்ல அடர் பச்சை, அழகுதான். பெரியப்பா மூஞ்சி மாறிடுச்சு. அந்தப் பச்சை பேரியத்துலேர்ந்துதான் வரும், 2018லயே உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு சேக்கக்கூடாதுன்னு சொன்னது, அதனால ஃபேக்டரி ஃபேக்டரியா எத்தனை பேருக்கு வேலை போச்சுன்னு பாத்தவரு அவரு. "சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் வீட்டுல உக்காந்துருக்கான்"னு மட்டும் சொன்னாரு.

பதினேழாவது நிமிஷம் நடந்துச்சு. சட்டம் நகந்து ஒரு பைப்பு கிழக்க சாஞ்சிருச்சு. குண்டு மேல போகாம கூட்டத்துக்கு மேல கோணலாப் போயி, பனை உயரத்துக்குக் கொஞ்சம் மேல வெடிச்சுது. நாலு இஞ்சு குண்டுன்னா நானூறு அடி போகணும், இஞ்சுக்கு நூறடின்னு ஒரு கணக்கு உண்டு. அவ்வளவு மேல வெடிச்சா வெளிச்சம் பாத்து ஒரு இமை கொட்டுற நேரம் கழிச்சுத்தான் சத்தம் வரும். இது வெளிச்சமும் சத்தமும் ஒண்ணா வந்துச்சு. நெருப்பு மணியெல்லாம் எரிஞ்சுக்கிட்டே கீழ விழுது, ஒண்ணு என் வேட்டில பட்டுக் காசு அளவுக்கு ஓட்டை, ஒண்ணு வைக்கோல் படப்புல, படப்பு பிடிச்சிருச்சு. ரெண்டு மூணு நெருப்பு மணி அந்தத் தார்ப்பாய்ப் பக்கத்துல.

யாரு ஓடுனாங்கன்னா, தெக்குத்தெரு பையங்க. எதிர்க் கட்சி. அவங்க தங்களுக்குன்னு நனைச்சு வெச்சிருந்த சாக்கை எல்லாம் தூக்கிக்கிட்டு வரப்பைத் தாண்டி ஓடிப்போயி அந்தத் தார்ப்பாய் மேல போட்டுட்டாங்க. வேட்டுக்காரப் பெரியவர் கையை நீட்டி "நிப்பாட்டுங்கலே, நிப்பாட்டுங்க"ன்னு கத்துறாரு. ரிமோட்டுக்காரன் நிப்பாட்டலை, மிச்ச எட்டு நிமிஷமும் விட்டு முடிச்சான். படப்பை ஊர்ப் பொம்பளைங்கதான் குடம் குடமா ஊத்தி அணைச்சாங்க. யாருக்கும் காயம் இல்லை. அதுக்கப்புறம் எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டாங்க, எனக்குக் கை நடுக்கம் நிக்கவே கால் மணி நேரம் ஆச்சு.

தெக்குத்தெரு ஆரம்பிக்க மணி பத்து ஆகப்போகுது. காத்து அடிச்சதுல புகை எல்லாம் கிழக்க போயி ஆகாசம் கழுவி விட்ட மாதிரி சுத்தமா இருந்துச்சு, ரெண்டாவதா விட்டது அவங்களுக்கு அதிர்ஷ்டம்.

ஆரம்பம் சுமார்தான். நாலு வாணம், அதுல ஒண்ணு பாதிலயே அணைஞ்சுது, கூட்டத்துல "என்னவே இது, கார்த்திகைக்கு விடுததா"ன்னு ஒரு குரல். அப்புறம் பெரியவர் நீளக் கம்பு நுனில கங்கு வெச்சு முதல் குண்டுக்குத் திரி கொளுத்தினாரு. ஒரே குண்டு. மேல போகுது, போகுது, போயிக்கிட்டே இருக்கு, சத்தமே இல்லாம விரிஞ்சுது. தங்க நிறம். கரி மருந்து அது, மத்த மருந்து மாதிரி பட்டுன்னு அணையாது, எரிஞ்சுக்கிட்டே மெதுவா இறங்கும். நடுத்தண்டு ஒண்ணு, மேலேர்ந்து ஓலை ஓலையா வளைஞ்சு நாலாப் பக்கமும் தொங்குது. பனை! கீழ வயக்காட்டு ஓரத்துல கறுப்பா நிக்குற நெசப் பனைங்களுக்கு மேல ஒரு நெருப்புப் பனை. அது கடைசி நுனி வரைக்கும் இறங்கி அணையுற வரைக்கும் அவர் அடுத்ததைக் கொளுத்தலை. இருட்டு. எண்ணினேன், நாலு எண்ணுற வரைக்கும் இருட்டு. அந்த நாலுலயும் ஊரே மூச்சை அடக்கிக்கிட்டு நிக்குது, அடுத்தது எங்க வரும்னு.

அடுத்தது சிவப்பு, ரெண்டு, ஒரே உயரம். அப்புறம் வெள்ளி. ஒவ்வொண்ணு விட்டதும் மகன் ஒரு கம்புல ஈரச்சாக்கைச் சுத்திப் பைப்புக்குள்ள விட்டுத் திருகி எடுக்குறாரு, உள்ள கங்கு மிச்சம் இருந்தா அடுத்த குண்டைப் போடும்போதே பிடிச்சுக்கும். அந்த அவசரத்துலயும் ஒண்ணைக் கூட விடலை.

அப்புறம் நீலம். நீலம் கஷ்டம்னு பெரியப்பா சின்ன வயசுலேர்ந்தே எனக்குச் சொல்லியிருக்காரு. தாமிரத்துலேர்ந்து வர்ற நிறம், சூடு கொஞ்சம் கூடிட்டா வெளுத்துப் போகும், சூடு கொறைஞ்சா தெரியாது. இது கொஞ்சம் வெளுத்துதான் வந்துச்சு, ஊதாவுக்கும் சாம்பலுக்கும் நடுவுல. ஆனா நீலம்தான். பச்சை ஒண்ணு கூட இல்லை.

குறை சொல்லணும்னா சொல்றேன். நடுவுல ஒரு திரி செத்துப் போயி ஒன்றரை நிமிஷம் ஒண்ணுமே இல்லை, அது அவங்க வெச்ச இடைவெளி இல்லை, தப்பு. சிவப்புல புகை அதிகம். முடிக்கிற எடத்துல பெரியவரும் சத்தத்துக்கு ஆசைப்பட்டு அதிர்வேட்டு அடுக்கிட்டாரு, அந்த இருபது வேட்டும் அவருக்குத் தேவையே இல்லை, கடைசியா இன்னொரு பனையை விட்டு முடிச்சிருந்தா அந்த ராத்திரி முழுக்க அது கண்ணுலயே நின்னிருக்கும். இருந்தாலும் நான் பாத்த வேடிக்கைல இதுதான் வேடிக்கை.

சாமக்கொடைக்கு முன்னாடி முடிவு சொன்னாங்க. வடக்குத்தெரு. "ஊரே அதிர்ந்துச்சுல்லா"ன்னு மைக்லயே காரணமும் சொன்னாங்க. சாஞ்ச பைப்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. வடக்குத்தெரு இளவட்டங்க கேடயத்தைத் தூக்கிக்கிட்டு ஆடுறாங்க. எனக்கு ஆத்தாமை தாங்கலை. நாப்பது மீட்டர்ல புள்ளைகுட்டிகளை நிக்க வெச்சு, கோணல் குண்டு விட்டவனுக்குப் பரிசு குடுத்தா அடுத்த வருஷம் தெக்குத்தெருவும் பைப்பைப் புதைக்காது, மணல் மூட்டைக் காசுக்கும் சேத்து வேட்டுத்தான் வாங்கும். இதைச் சித்தப்பாகிட்டயும் சொன்னேன், கூட்டத்துல பேசுதேன்னு சொல்லியிருக்காரு. அவர் சொந்த ஊர்ல அவர் பாடு கெடக்கூடாதுன்னுதான் ஊர் பேரை விட்டேன்.

பெரியப்பா மட்டும் இருட்டுல வயக்காட்டுக்குள்ள இறங்கி நடந்து போயி வேட்டுக்காரப் பெரியவர் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அவருக்கும் காது சரியாக் கேக்காதுன்னு அங்க போனப்புறம்தான் தெரிஞ்சது. ரெண்டு பேரும் கையாலயே பேசிக்கிட்டாங்க, பெரியப்பா உள்ளங்கையைக் கவுத்து விரலை மெதுவா விரிச்சுக் கீழ இறக்கிக் காட்டினாரு. பனை. அந்தப் பெரியவர் தலையை ஆட்டி, கரியை அரைக்கிற மாதிரி ரெண்டு கையையும் தேய்ச்சுக் காட்டினாரு.

மே 21, புதன் – கூந்தன்குளம்

மஞ்சநீராட்டுக்கு இருக்கச் சொன்னாங்க, நிக்க முடியலை. மதினி ஒரு தூக்குவாளில மிச்சக் கறிக்குழம்பும், ஒரு ஓலைக்கொட்டான்ல கருப்பட்டியும் கட்டிக் குடுத்தாங்க, வாளியைத் திருப்பித் தர வரணும்னு சொல்லி.

நாங்குநேரில பிரிஞ்சு கூந்தன்குளம் போனோம். ராத்திரி அவ்வளவு சத்தத்துக்கு அப்புறம் அங்க போகணும்னு தோணுச்சு, ஏன்னா அந்த ஊர்ல தீபாவளிக்குக் கூட வெடி போடமாட்டாங்க. பறவைங்க பயந்துரும்னு. 1994ல சரணாலயம்னு அறிவிச்சாங்க, 129 ஹெக்டேர், 2022ல ராம்சார்ங்குற உலக ஈரநிலப் பட்டியல்லயும் வந்துருச்சு. ஆனா வெடி போடாதது யாரும் உத்தரவு போட்டு இல்லை, ஊரே வெச்சுக்கிட்ட கட்டுப்பாடு. வீட்டு முற்றத்து வேப்ப மரத்துலயே கூடு, கீழ எச்சமும் மீன் நாத்தமும், அதுக்குக் கீழயே கட்டில் போட்டு ஒரு ஆச்சி முருங்கக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்காங்க. "நாத்தம் என்ன செய்யும், நம்மள நம்பிப் புள்ள பெக்க வந்திருக்கு"ன்னாங்க. குளத்துல தண்ணி கொறைஞ்சு கெடந்துச்சு, கூழைக்கடா கொஞ்சம், மஞ்சமூக்கு நாரைக் குஞ்சுங்க பறக்கப் பழகுற பருவம், கிளைல நின்னு றெக்கையை விரிச்சு விரிச்சு மடக்குது.

டீ 12 ரூபா, கடைக்காரர் எங்க சட்டைல மருந்து வாடை அடிக்குதுன்னு சொன்னாரு, எங்கேருந்து வாறியன்னு கேட்டாரு. சொன்னேன். அவர் சின்ன வயசுல வள்ளியூர்ப் பக்கம் அத்தை வீட்டுக்குக் கொடைக்குப் போறதே வேட்டுப் பாக்கத்தானாம், அங்க போயி ஆசை தீரப் பாத்துட்டு வந்து இங்க சும்மா இருப்பாராம்.

திரும்பி வர்ற வழில கயத்தாறு தாண்டினதும் பெரியப்பா என் நோட்டை எடுத்துப் பாத்தாரு. வடக்குத்தெரு 23, தெக்குத்தெரு 36. ஒவ்வொரு வரியா விரலை வெச்சுப் படிச்சுக்கிட்டே வந்தவரு ஒரு எடத்துல நிறுத்திப் பேனா கேட்டாரு. நிறத்துக்கு நான் தெக்குத்தெருவுக்கு 6 போட்டிருந்தேன், நீலம் வெளுத்ததுக்காக. அதை அடிச்சு 8ன்னு எழுதினாரு. "கையால அரைச்ச மருந்துல அவ்வளவு நீலம் வந்ததே பெருசுடா"ன்னு சொல்லிட்டு, கூட்டி 38ன்னு போட்டு நோட்டை மூடிக் குடுத்தாரு.